பீங்கான் பதுமைகள்

பீங்கான் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது சோறு உண்ணும் கோப்பையே. அக்கோப்பைக்கு உடன்பிறந்தவர் சிலர் உளர். அவர்கள் அடுக்களைக்கு வருவதில்லை. கண்ணாடிப் பேழையுள் நின்று நம்மை நோக்கிப் புன்னகை புரிவர். சாண் உயரமே உள்ள அந்தப் பீங்கான் பதுமைகளைத் தேடிச் சேர்ப்பதை வாழ்நாள் இன்பமாகக் கொண்டோர் உலகெங்கும் உள்ளனர். வளர்ந்தவர்களுக்குப் பொம்மை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அப்பதுமை பிறந்த கதையை அறிந்தால் அக்கேள்வி தானே மறைந்துவிடும்.

பீங்கான் செய்யும் மறையை முதலில் அறிந்தவர் சீனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனை அவர்கள் கைவிட்டுப் போகாது காத்தனர். பூக்கியன் மாகாணத்துத் தெகுவா என்னும் ஊரில் வார்க்கப்பட்ட பால்வெண்மையான குவான்யின் தேவியின் உருவங்கள் 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து ஐரோப்பா சென்றன. அங்கே மன்னர்கள் இப்பொருளின்மீது பித்துக்கொண்டனர். சக்சனி நாட்டு அதிபதி அகஸ்தஸ், 1717ஆம் ஆண்டில், தம் குதிரைவீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்கு ஈந்து, அதற்கு மாறாக 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெற்றுக்கொண்டார் என்றால் அப்பித்தின் அளவை நாம் உணரலாம்.

இதே அகஸ்தஸ், பொன் செய்யத் தெரியும் என்று வாய்விட்டு மாட்டிக்கொண்ட பொட்கர் என்னும் இளைஞனைச் சிறைப்படுத்தி வைத்திருந்தார். பொன் கிடைக்கவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் துணையோடு அவன் செய்த ஆராய்ச்சியில் 1708ஆம் ஆண்டளவில் வெண்பீங்கான் கிடைத்தது. 1710ஆம் ஆண்டில் மைசன் நகரத்து மலைக்கோட்டையில் ஆலை நிறுவப்பட்டது. மறை வெளியே போகாதிருக்கக் கோட்டையைவிடச் சிறந்த இடம் ஏது? பொட்கர் 1719இல் தம் 37ஆம் வயதில் மாண்டார். அவர் கண்டுபிடித்ததோ மாளாது நின்றது.

பதுமைக் கலைக்கு உயிரூட்டியவர் 1731ஆம் ஆண்டில் மைசன் வந்து சேர்ந்த கெண்ட்லர் என்னும் சிற்பி. அக்காலத்து அரண்மனை விருந்துகளில் சர்க்கரையாலும் மெழுகாலும் செய்த உருவங்களை மேசைமீது வரிசையாக வைப்பது வழக்கம். விருந்து முடிந்ததும் அவை அழிந்துபோகும். அந்த இடத்தைப் பீங்கான் பதுமைகள் பிடித்துக்கொண்டன. ஆட்டிடையரும் கோமாளிகளும் தெருவில் பொருள் கூவி விற்போரும் பிரபுக்களின் மேசைக்கு வந்தனர். குரங்குகளே வாத்தியம் வாசிக்கும் இசைக்குழு ஒன்றும் வந்தது. சர்க்கரை கரைந்தது, பீங்கான் நிலைத்தது.

இவற்றுள் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1750ஆம் ஆண்டளவில் மைசன் ஆலையில், நரம்பிசைக் கருவி ஏந்திய ஆடவனும் பெண்ணும் ‘மலபார்’ மாந்தர் என்னும் பெயரோடு உருவாயினர். அக்காலத்தில் ஒல்லாந்தர் இலங்கைத் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர். எனினும் அப்பதுமைகளில் நம் சாயலைத் தேடுவோர் ஏமாறுவர். அவற்றின் உடையும் தொப்பியும் கீழ்த்திசை பற்றி ஐரோப்பியர் கண்ட கனவேயன்றி வேறில்லை.

ஒரு பதுமையைச் செய்வது எளிதன்று. சிற்பி களிமண்ணில் வடித்த மூலவுருவைத் தலை, கை, உடல் எனப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுப்பர். அச்சிலிருந்து வெளிவந்த உறுப்புகளைக் களிக்குழம்பால் ஒட்டுவர். பின்னர் சூளையில் இட்டு ஒருமுறை சுட்டு, மெருகுக் குழம்பில் தோய்த்து, ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தில் மீண்டும் சுடுவர். அவ்வெப்பத்தில் பதுமை ஆறில் ஒரு பங்கு சுருங்கும். நீட்டிய கை தொய்ந்து விழாதிருக்க முட்டுக் கொடுக்கவேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெடிக்காதிருக்கச் சிறு துளை விடவேண்டும். வண்ணம் தீட்டியபின் சூடு குறைந்த சூளையில் இன்னொரு முறை சுடவேண்டும். ஒரு விரலின் வளைவு பிழையாது வந்திருப்பதைக் காணும்போது இத்தனை இடர்களும் நம் கண்முன் தோன்றும். சேர்ப்பவன் பெறும் இன்பத்தின் ஊற்று இதுவே.

இத்துறையில் இறங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. கண்டதையெல்லாம் வாங்குவது குவிப்பு; தெரிந்து வாங்குவதே சேர்ப்பு. பறவைகள், இசைவாணர், தொழிலாளர் என ஒரு வகையைத் தெரிந்துகொண்டு அதையே தொடரலாம். பதுமையின் முகத்தைப் பார்த்து மயங்குமுன் அதனைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். மைசன் ஆலையின் குறுக்கு வாள்கள் 1722ஆம் ஆண்டளவிலிருந்து அங்கே நீலநிறத்தில் இடப்பட்டு வருகின்றன. ஆனால் அக்குறியைப் போலியாக இட்டோரும் பலர். ஆதலால் குறியை மட்டும் நம்பாது மண்ணையும் மெருகையும் தீட்டிய கையையும் ஒருங்கே நோக்கல் வேண்டும். விரல் நுனிகளிலும் கழுத்திலும் ஒட்டுவேலை மறைந்திருக்கக்கூடும். தூக்கும்போது தலையையோ கையையோ பற்றாமல் அடியைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் அகற்றினால் போதும்.

இத்துணைப் பேணியும் உடையும் பொருள் உடைந்தே தீருமோ? டிரெஸ்டன் நகரத்துச் செல்வர் குஸ்தாவ் பொன் கிளம்பரர் என்பார் 800க்கு மேற்பட்ட மைசன் பீங்கான்களைச் சேர்த்திருந்தார். யூதக் குடும்பத்தின் உடைமை என்ற காரணத்தால் 1938ஆம் ஆண்டில் நாசிகள் அவற்றைப் பறித்தனர். 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நகர்மீது குண்டுகள் பொழிந்தபோது, வண்டியில் ஏற்றியிருந்த அச்செல்வத்தின் பெரும்பகுதி நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து எடுத்த துண்டுகளையும் எஞ்சியவற்றையும் பல்லாண்டுகள் கழிந்தபின், 1991இல், குடும்பத்தார் திரும்பப் பெற்றனர். எஞ்சியவற்றுள் பலவற்றை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அதே டிரெஸ்டன் நகரத்து அரும்பொருட்சாலைக்கே நன்கொடையாக ஈந்தனர். உடைந்த துண்டுகளோ 2010ஆம் ஆண்டில் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, கையிழந்த பதுமைகளையும் கரிபடிந்த தலைகளையும் விரும்பி வாங்குவோர் இருந்தனர்.

முழுமையான அழகையே நாடித் தொடங்கும் இப்பொழுதுபோக்கு, முடிவில் நமக்குக் கற்பிப்பது வேறொன்று. இப்பதுமைகள் எவருக்கும் சொந்தமல்ல. முன்னொருவர் கையிலிருந்து வந்து பின்னொருவர் கைக்குச் செல்லுமுன் சில ஆண்டுகள் நம்மிடம் தங்குகின்றன. அவ்விருந்தினரை ஊறு நேராது வழியனுப்பி வைப்பதே சேர்ப்பவனின் கடமை; அதுவே அவன் பெறும் பேரின்பமும் ஆகும்.