கண்டது 2000இல், கைக்கு வந்தது 2016இல்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். எண்ணெய் இருக்கும் இடம் தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் உடனே எடுப்பதில்லை? கஜகஸ்தானின் கஷகான் வயலைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

காஸ்பியன் கடலின் வடபகுதியில் 2000ஆம் ஆண்டு அதைக் கண்டுபிடித்தார்கள். எடுக்கக்கூடிய எண்ணெய் 900 கோடி முதல் 1,300 கோடி பீப்பாய் என மதிப்பிட்டார்கள். எனி, ஷெல், எக்ஸான்மொபில், டோட்டல் போன்ற பெருநிறுவனங்கள் கைகோத்தன. 2005இல் எண்ணெய் வரும் என்பது திட்டம்.

அங்கே கடலின் ஆழம் மூன்று, நான்கு மீட்டர்தான். ஆழம் குறைவாக இருந்ததே சிக்கலாயிற்று. குளிர்காலத்தில் கடல் உறையும்; காற்று தள்ளிவரும் பனிப்பாளங்கள் எதிர்ப்பட்டதை நொறுக்கும். வழக்கமான எண்ணெய் மேடைகள் தாங்காது. பாறைகளைக் கொட்டிச் செயற்கைத் தீவுகளையே எழுப்பினார்கள்.

எண்ணெய் இருந்ததோ கடலடித் தரைக்குக் கீழே 4 கிலோமீட்டருக்கும் அப்பால், கடும் அழுத்தத்தில். அதோடு வரும் வாயுவில் சுமார் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மனிதரைக் கொல்லும் நஞ்சு அது, எஃகையும் விடாது. ஈரம் சேர்ந்தால் அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் உலோகத்துக்குள் ஊடுருவி, அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். அழுத்தம் தாளாமல் குழாய் வெடிப்பு விடும்.

அதுதான் நடந்தது. 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிய சில நாட்களிலேயே கசிவு. அடுத்த மாதம் எல்லாம் நின்றது. கரைக்கு வரும் சுமார் 200 கிலோமீட்டர் குழாயை முழுவதுமாக மாற்ற வேண்டியதாயிற்று. மீண்டும் எண்ணெய் வந்தது 2016இல். செலவு 5,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இதற்கிடையே சந்தையும் மாறிவிட்டது. குழாய் கசிந்தபோது பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. சீராகி வந்தபோது சுமார் 50 டாலர். நிறுவனங்களின் தயக்கத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பணம் முழுவதையும் இன்றே போட வேண்டும். விற்பதோ பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் விலைக்கு. அந்த விலையை இன்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, இன்று கண்டுபிடிக்கும் வயல் இன்றைய விலையேற்றத்துக்கு மருந்தாகாது. அவசரப்படுத்தியும் பயனில்லை: ஒரு குழாயின் எஃகு பொருந்தாமல் போனதற்குக் கஷகான் கொடுத்த விலை மூன்று ஆண்டுகள்.