பவானியைச் சுரக்கும் புல்வெளி

மரம் வைத்தால் தண்ணீர் பெருகும் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். நீலகிரியின் உச்சியில் அது பொய்த்துப்போனது. ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆய்வுக்கு எடுத்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது. மற்றொன்றில் ஏறக்குறைய 60 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டது. முதல் பத்தாண்டில் அங்கே ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில், குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது.

காரணம் எளியது. மலைப்புல் உறைபனியில் காய்ந்து ஓய்ந்துவிடும். கற்பூர மரம் ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று, ஆழத்து ஈரத்தைக் கோடையிலும் உறிஞ்சும். பள்ளத்தில் சோலை, சரிவில் புல் என்பதே இம்மலையின் இயல்பு. ஆடி மழை மட்கு நிறைந்த அந்த மண்ணில் இறங்கி, சதுப்பில் தேங்கி, பங்குனியிலும் கசிந்துகொண்டிருக்கும்.

ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணினார்கள். விறகுக்காகச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் வந்தன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடவும் செயற்கை இழைக்கும் நாமே இன்னும் பரப்பினோம். தேயிலையும் உருளைக்கிழங்கும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. சதுப்பு வற்றிய இடங்களில், இம்மலைப் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில்களுக்கு வேயும் புல்லும் அருகிவிட்டது.

இப்போது மழையின் போக்கும் மாறுகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல். அவ்வளவையும் எந்த மண்ணாலும் உள்வாங்க முடியாது. ஆனால் காற்று சூடாக ஆக இத்தகைய பேய்மழை கூடும், இடைப்பட்ட வறட்சியும் கடுமையாகும். அந்த வறட்சியில்தான் புல்வெளியின் கசிவு அருமையாகிறது.

அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. நல்ல தொடக்கம், ஆயினும் ஒரே வீச்சில் வெட்டினால் மண் அரித்துப்போகும். சீகை நிழலில் சோலைக் கன்றுகள் எழும் இடங்களை விட்டுவைக்கலாம். மிஞ்சிய புல்வெளியில் முளைக்கும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவதே முதல் வேலை. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். இந்த மலைநீர் பவானியில் சேர்ந்து கீழே பாயும் கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறோம். அதன் பாசனப் பரப்பு 2.07 லட்சம் ஏக்கர். அந்தப் பாசனத்துக்கான நிதியில் ஒரு பகுதியை, மலைமேல் கன்று பிடுங்குபவர்களின் கூலிக்கு நிரந்தரமாக ஒதுக்க வேண்டும்.