கிடைக்கு இடமில்லாத சமவெளி

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் திரளும் ஜனசமுத்திரத்தின் நடுவே, ஆட்டுத்தோல் துருத்தியில் நீர் நிரப்பி அழகர்மீது பீய்ச்சும் பக்தர்களைக் காண்போர், மந்தையும் மேய்ச்சலும் இந்நகரத்தின் வாழ்வோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதை எளிதில் உணர்வர். 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மதுரை மாவட்ட மக்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் நகரவாசிகள். அக்கணக்கில் நகரத்துக்கு ஓர் இடமும் கிராமத்துக்கு ஓர் இடமும் உண்டு. வீடற்றவர்களை ஓர் இரவில் தேடிச் சென்று எண்ணும் வழக்கமும் உண்டு. ஆனால் சொந்த ஊரில் வீட்டை வைத்துக்கொண்டே, ஆண்டில் பல மாதங்கள் ஆட்டு மந்தையின் பின்னே நடந்து ஜீவிக்கும் கீதாரிக்கு மட்டும் அதில் இடமில்லை.

கீதாரி என்பவர் பல குடும்பங்களின் ஆடுகளை ஒன்றுசேர்த்து வலசை நடத்தும் மந்தைத் தலைவர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் மழை நின்று புல் கருகும் காலத்தில், தை, மாசி அறுவடை முடிந்த தஞ்சை வயல்களை நோக்கியும் வைகைப் பாசன வயல்களை நோக்கியும் மந்தைகள் புறப்படும். பகலெல்லாம் அறுத்த தாளிலும் வரப்புப் புல்லிலும் மேய்ந்த ஆடுகளை அந்தியில் ஒரு வயலில் அடைத்து, இளங்குட்டிகளைக் குடாப்பு எனும் கூண்டுகளில் மூடி, நாயும் காவலுமாக இரவு முழுவதும் நிறுத்துவார்கள்; இதுவே கிடை. விடியும்போது அந்நிலம் புழுக்கையும் மூத்திரமும் ஊறி உரம் ஏறியிருக்கும். மறுநாள் கிடை அடுத்த பாகத்துக்கு நகரும். எருவை அள்ளவும் சுமக்கவும் இறைக்கவும் ஆள் தேட வேண்டாத இந்த ஏற்பாட்டுக்கு, நிலத்துக்காரர் முன்பு நெல் அளந்தார், பிற்காலத்தில் பணம் கொடுத்தார். ஆட்டெரு அந்த வருஷமே பலன் தரும், மாட்டெரு மறுவருஷம் தரும் என்பது குடியானவர்களின் அனுபவம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆடும், ஜல்லிக்கட்டுக் களங்களில் புகழ்பெற்ற புளியகுளம் மாடும் இத்தகைய மேய்ச்சல் வாழ்வில் உருவான இனங்களே. காளையைக் கொண்டாடும் நாம் அதை ஈன்ற கிடைமாட்டுக்கு மேய இடம் உண்டா என்று கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இத்தகைய நாடோடி வாழ்வின் தேய்வுக்கு உலகம் அறிந்த பெரிய உதாரணம் சோமாலியா. 1974-75 வறட்சியில் ஒட்டகமும் ஆடும் மடிந்தபின், சுமார் ஒரு லட்சம் மேய்ச்சல்காரர்களை அந்நாட்டு அரசு விமானங்களில் ஏற்றித் தெற்கே ஆற்றங்கரை வயல்களிலும் கடலோர மீன்பிடி ஊர்களிலும் குடியமர்த்தியது. பின்னர் உள்நாட்டுப் போரும் மேலும் பல வறட்சிகளும் மக்களை நகரங்களுக்குத் துரத்தின. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2014 இல் செய்த மதிப்பீட்டில், சுமார் 1 கோடியே 23 லட்சம் பேரில் 42 சதவீதத்தினர் நகரவாசிகள், 26 சதவீதத்தினர் நாடோடிகள், 9 சதவீதத்தினர் இடம்பெயர்ந்தோர். அங்கே நாடோடிக்கெனத் தனியே ஒரு கணக்கு இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சோமாலியாவில் நீரின்மை செய்ததை மதுரைச் சமவெளியில் ஒரு வகையில் நீரே தொடங்கி வைத்தது. 1895 இல் பெரியாறு அணையும் 1959 இல் வைகை அணையும் வந்தபின், ஒருபோகம் விளைந்த நிலங்கள் பல இருபோகம் கண்டன. விவசாயிக்கு அது பாக்கியமே, ஆயினும் மந்தைக்கு உரிய தரிசுக் காலம் சுருங்கியது. ரசாயன உரம் மலிவாகக் கிடைத்தபோது கிடையின் தேவை குறைந்தது. கண்மாய்க் கரைகளையும் புறம்போக்குகளையும் சீமைக் கருவேலம் சூழ்ந்தது. நகரைச் சுற்றிய வயல்கள் மனைகளாயின. நால்வழிச் சாலையைக் கடப்பது மந்தைக்கு உயிராபத்து ஆயிற்று. மலையடிவாரங்களிலோ, சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 இல் தடை விதித்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் பிறப்பித்த ஆணையைப் பின்னர் அவ்வளவில் சுருக்கியது. ஆனால் பருவந்தோறும் காட்டில் மேய்க்கும் உரிமையை நாடோடி மேய்ப்பருக்கும் அளிக்கின்ற 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் நம் நாட்டுச் சட்டமே.

இவ்வாழ்வின் இருண்ட பக்கத்தை மறைப்பது நேர்மையன்று. கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்க விடப்பட்ட ஏழைச் சிறுவர்களைத் தஞ்சை வட்டாரத்தில் அதிகாரிகள் மீட்ட சம்பவங்கள் உண்டு. கொத்தடிமைத்தனத்தை 1976 ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்த நாட்டில், அதற்கு மன்னிப்பே இல்லை. கீதாரியின் சொந்தப் பிள்ளைகளும் படிப்பை இடையில் விட்டே மந்தையோடு நடந்தார்கள். இன்று அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆடுகளை விற்றுத் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ செல்லும் குடும்பத்தை யாரும் குறைகூற இயலாது. ஆனால் தொழிலைத் தானே துறப்பது வேறு, மேய்ச்சல் நிலம் பறிபோனதால் துரத்தப்படுவது வேறு.

கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையோ 2026 ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. வருவாய்க் கணக்குகளில் மேய்ச்சல் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலங்களை அளந்து கல் நட்டு, மந்தை கடக்கும் பழைய வண்டிப்பாதைகளையும் அதே வரைபடத்தில் குறிக்கும் வேலையை, அடுத்த வலசைக்கு முன்பே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து தொடங்கலாம்.