விருந்தாளிகளுக்கு உங்க ஊர்க் கண்மாயையும் காட்டுங்க!

கோடை விடுமுறை. சென்னையிலோ திருப்பூரிலோ குடியேறிய பள்ளித் தோழர், குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை மாஸ், வடகாட்டுப் பலாச்சுளை என்று விருந்தில் குறை இருக்காது. பழைய கதைகள் பேசி முடித்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: ‘‘இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?’’

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. பாறை சுடுவதற்கு முன்பே மலையேறிவிட்டால், சமண முனிவர்கள் தங்கிய ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகளைப் பார்க்கலாம். மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலில், கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். 9-ம் நூற்றாண்டு ஓவியம் அது. தாமரைக்குளம், மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டாலும், மிச்சமிருப்பதைப் பார்க்கும் விவசாயிக்கு அது பழகிய காட்சிதான்.

வெயில் தாழ்ந்ததும், அந்தக் குளத்தின் உறவுக்காரரான சொந்த ஊர்க் கண்மாய்க்கு அழைத்துப் போகலாம். மாவட்டத்தின் பழைய கண்மாய்கள் பலவற்றில், கரையைவிட்டுத் தள்ளி நீர்ப்பரப்புக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் குமிழி. தூண்களுக்குக் கீழே கல்தொட்டி. அதன் துளையை அடைப்புக்கல் மூடியிருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் தேவைப்படும்போது, ஆள் நீந்திப்போய் அடைப்பைத் தூக்குவார். கரைக்கு அடியில் செல்லும் கால்வாய் வழியாகத் தண்ணீர் வயலுக்குப் பாயும். அடியில் உள்ள சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் வெளியேறும். தூர்வாரும் வேலையைத் தண்ணீரிடமே விட்ட ஏற்பாடு இது.

இன்று பல குமிழிகளைச் சீமைக்கருவேலமும் சேறும் மூடிக்கிடக்கின்றன. ‘‘நாம நீச்சல் பழகின இடமாடா இது?’’ என்று வந்தவர் கேட்டால், பேச்சு அதோடு முடிய வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட கண்மாய்களில் வட்டாட்சியர் அனுமதி பெற்று, விவசாயிகள் வண்டல் மண்ணைக் கட்டணமின்றி வயலுக்கு எடுக்கலாம். குமிழித் தூண்களையும் கல்வெட்டுகளையும் இயந்திரம் இடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

வெளியூரில் இருப்பவருக்கும் ஊர்க் கண்மாயில் பங்கு உண்டு. அதைக் கரையில் நின்று பேசும்போதுதான் மனசு கேட்கும். மலைக்கோயில் ஓவியத்திலிருந்து உதிர்ந்த வண்ணம் திரும்பாது. கண்மாய்க்குத் தண்ணீர் திரும்பும்.