ஜெபம் சொல்லித் தந்தாச்சு... நம்பிக்கை வளர்கிறதா?

இரவு எட்டரை மணிக்கு டி.வி.யை நிறுத்திவிட்டு, பைபிளும் பாட்டுப் புத்தகமுமாக உட்காரும் குடும்ப ஜெபம், தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறைகளாக வரும் பழக்கம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. ஆறு வயதில் மடியில் உட்கார்ந்து 'ஆமென்' சொன்ன பிள்ளை, பதினான்கு வயதில் 'ஹோம்வொர்க் இருக்கு' என்று நழுவுகிறது. 'எங்கே தப்பு செஞ்சோம்?' என்று பெற்றோர் கலங்குவது அப்போதுதான்.

பெரும்பாலும் அது தப்பு அல்ல, வளர்ச்சி. சின்ன வயதில் பிள்ளையிடம் இருப்பது அம்மா, அப்பாவிடம் இரவல் வாங்கிய நம்பிக்கை. வளரும்போது அதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை ஞானஸ்நானத்தோடு நிறுத்தாமல், சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தலும் கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிபூசுதலும் இருப்பது இதனால்தான். அன்று பெற்றோர் கொடுத்த வாக்கை, இன்று பிள்ளை தன் வாயால் சொல்கிறது. அந்த நிலைக்கு அதைக் கைப்பிடித்து நடத்துவது எப்படி?

பயமுறுத்தல் வேண்டாம்

'சாப்பிடலேன்னா இயேசப்பா கோபப்படுவார்' என்று சொன்னால் ஒரு வேளை சோறு உள்ளே போகும். ஆனால், நாளைக்குப் பெரிய தப்பு செய்தால், அந்தப் பிள்ளை யாரிடம் ஓடிவரும்? லூக்கா 15-ம் அதிகாரத்தில் வரும் கெட்ட குமாரன் கதையைச் சொல்லுங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அப்பா அதில் இருக்கிறார். கடவுள் அப்படிப்பட்டவர் என்று பதிந்தால், பிள்ளை தப்பை மறைக்காது.

மார்க் வாங்கித் தரும் ஜெபமா?

ஹால் டிக்கெட்டை வைத்து ஜெபிப்பது நல்லதுதான். ஆனால், 'ஜெபம் பண்ணினா நல்ல மார்க் வரும்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மார்க் குறைந்தால், பரீட்சையோடு நம்பிக்கையும் ஃபெயிலாகிவிடும். கெத்செமனே தோட்டத்தில், தன் துன்பம் நீங்க வேண்டும் என்று இயேசுவே வேண்டினார். அது நீங்கவில்லை. அதைத் தாங்கும் பலம்தான் கிடைத்தது. 'பயப்படாமல் எழுத தைரியம் கொடுங்க' என்ற ஜெபம், ரிசல்ட் எப்படி வந்தாலும் பொய்யாகாது.

கேள்வியை அடக்காதீர்கள்

'பாட்டிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க?' இந்தக் கேள்விக்கு, 'அப்படியெல்லாம் கேக்கக் கூடாது' என்று பதில் சொன்னால், அடுத்த கேள்வி உங்களிடம் வராது. சென்னைக்கு வந்து ஊழியம் செய்ததாகப் பாரம்பரியம் சொல்லும் தோமா, பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர்தான். இயேசு அவரை விரட்டவில்லை, காயங்களைக் காட்டினார். சங்கீதப் புத்தகத்திலும் துதிப் பாடல்களோடு, 'ஏன் கைவிட்டீர்?' என்ற அழுகையும் இருக்கிறது. 'எனக்கும் தெரியலம்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே கடவுள்கிட்ட கேக்கலாம்' என்பது நேர்மையான பதில்.

ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். வறுமையும் கடனும் நெருக்கிய வீடு. 1709-ல் வீடே தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகும், வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை என்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவரான பிறகும், அந்த வியாழக்கிழமை நேரத்தை நினைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார் ஜான்.

உங்களுக்கு இருப்பது இரண்டு பிள்ளைகள்தானே? செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். போதிக்க வேண்டாம், கேளுங்கள். குடும்ப ஜெபத்தையும் பத்து நிமிடத்தில் முடித்து, ஒருநாள் வாசிப்பதையும் ஒருநாள் பாட்டைத் தேர்ந்தெடுப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள்.

வீடுதான் முதல் பிரசங்கம்

எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று ஓய்வுநாள் பாடசாலையில் படித்துவிட்டு வரும் பிள்ளை, தன் நண்பனை வீட்டுக்கு அழைத்து வருகிறது. அவன் போன பிறகு, 'அவங்க என்ன ஆளுங்க?' என்று நீங்கள் விசாரித்தால், படித்த பாடம் அந்த நிமிடமே அழிந்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாலும் அப்படித்தான். மாறாக, பிள்ளையைத் திட்டியது தப்பு என்று தெரிந்ததும், 'மன்னிச்சிடுப்பா' என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். மன்னிப்பைப் பற்றி வேறு விளக்கமே தேவைப்படாது.

இவ்வளவும் செய்தும் பிள்ளை விலகிப்போனால்?

அகுஸ்தீனின் தாய் மோனிக்காவுக்கு நேர்ந்தது அதுதான். மகன் வேறு கொள்கைகளின் பின்னால் போனபோது, அவனிடம் பேசிப் புத்தி சொல்லும்படி ஒரு பிஷப்பிடம் கெஞ்சினார். 'இப்போதைக்கு விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் பண்ணு' என்பதே அந்தப் பிஷப்பின் யோசனை. கி.பி. 387-ல் மிலான் நகரில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 32. அதைக் கண்ணாரக் கண்ட பிறகே, அதே ஆண்டில் மோனிக்கா இறந்தார்.

எல்லாத் தாய்க்கும் அந்த நாள் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நம்பிக்கையை வற்புறுத்தித் திணிக்கவும் முடியாது. ஆனால், கோயிலுக்கு வராத பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அதே பாசத்தோடு இடம் போடலாம். அது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.