பெயர் எழுதாத பற்றுச்சீட்டு

வெளிநாட்டுக் காசில் ஒரு கிணறு கட்டினால் கணக்குக் காட்டுவது பெரிய காரியமல்ல. எத்தனை பக்கெற் சீமெந்து, எத்தனை லோட் கல், மேசனுக்கு எத்தனை நாட்கூலி என்று எழுதி, கிணற்றடியில் நின்று ஒரு படமும் எடுத்து அனுப்பிவிடலாம். காசு தந்தவருக்கு ஐயம் இருந்தால் வந்து வாளியை இறக்கிப் பார்க்கட்டும். ஆனால் கடல் கடந்த ஒரு நாட்டிலே சனநாயகத்தைக் கட்டியெழுப்பவென்று ஒரு தொண்டு நிறுவனம் காசு சேர்த்தால், அது முடிவில் எதைக் காட்டும்? பெரும்பாலும் வரவுப் பதிவேட்டைத்தான் காட்டும். இத்தனை கருத்தரங்கு, இத்தனை பேர், இத்தனை ஒப்பம். இடம்பெயர்ந்த வாழ்வில் எத்தனையோ தாள்களில் ஒப்பம் வைத்த எமது வாசகர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அந்தத் தாள் எங்கே போகிறது, அங்கே யார் வாசிக்கிறார்கள் என்பதுதான் எமக்குச் சொல்லப்படுவதில்லை.

இந்தக் கேள்வியை அதன் எல்லாக் கோணங்களிலும் அனுபவித்த நாடு தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்த காலம் முழுவதும் வெளிநாட்டு அரசுகளும் திருச்சபைகளும் அங்குள்ள மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பணம் கொடுத்தன. அந்தப் பணத்தின் கணக்கு சில இடங்களில் உயிரைக் காத்தது. சில இடங்களில் ஆட்களைச் சிறைக்கு அனுப்பியது.

லண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஜோன் கொலின்ஸ் என்ற அங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1956 டிசம்பரில் தென்னாபிரிக்க அரசு 156 பேரைக் கைது செய்து அவர்கள்மீது தேசத்துரோக வழக்குத் தொடுத்தபோது, அவர்களுக்குச் சட்டத்தரணி வைக்கவும் குடும்பங்களுக்குச் சாப்பாடு போடவும் அவர் நிதி சேர்த்தார். வழக்கு 1961 மார்ச் வரை இழுபட்டது. முடிவில் ஒருவர்கூடக் குற்றவாளியாகக் காணப்படவில்லை. அந்த நிதியிலிருந்து வளர்ந்ததுதான் தற்காப்புக்கும் உதவிக்குமான சர்வதேச நிதியம். 1966இல் தென்னாபிரிக்க அரசு அதைத் தடைசெய்தது. அதன்பின் அந்த நிதியத்திடமிருந்து ஐந்து பவுண் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

தடை வந்தபின் நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. நிதியம் கடையைப் பூட்டவில்லை. பணம் போகும் வழியை மாற்றியது. வழக்குக்கான பணம் லண்டனில் சில அறக்கட்டளைகள் வழியாக ஒரு சட்டத்தரணியின் கைக்குப் போகும். அவர் தென்னாபிரிக்காவில் உள்ள சட்டத்தரணிக்கு எழுதுவார், இங்கே சில நல்மனதுக்காரர் இந்த வழக்கின் செலவை ஏற்க விரும்புகிறார்கள் என்று. அங்குள்ளவருக்கு மனதில் ஓர் ஊகம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்பதில்லை. கேளாதிருந்தால் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து 'தெரியாது' என்று சொல்லலாம் அல்லவா?

குடும்பங்களுக்கான பணம் இன்னும் எளிய வழியில் போனது. பிரித்தானியாவிலும் பின்னர் வேறு நாடுகளிலும் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர், வீட்டுப் பெண்களும் ஓய்வூதியம் பெறும் முதியவர்களும், ஆளுக்குச் சில குடும்பங்களைப் பொறுப்பேற்றுக் கடிதம் எழுதினார்கள். நிதியம் அவர்களுக்குப் பணம் கொடுக்கும். அவர்கள் அதைத் தம் சொந்தப் பணம்போலக் கடிதத்தோடு அனுப்புவார்கள். நிதியத்தின் பெயர் எங்கும் வராது. சில மாதத்தில் மறுகடிதம் வரும்: பணம் கிடைத்தது, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் கட்டியாயிற்று, சிறையிலிருக்கும் கணவரைப் பார்க்கத் தீவுக்குப் போய்வர முடிந்தது என்ற விதமாக. அந்தக் கடிதம் லண்டன் அலுவலகத்துக்குப் போகும். அதுதான் பற்றுச்சீட்டு. முத்திரையும் இல்லை, வரிசை இலக்கமும் இல்லை. எனினும் எமது பதிவேட்டு ஒப்பங்களைவிட அதில் உண்மை அதிகம் என்பேன். வாங்கியவர் தம் வாயால், தம் வீட்டு நிலையைச் சொல்லி எழுதியது அது.

பணம் தந்தவர்கள் இதற்கு எப்படி உடன்பட்டார்கள்? மிகப் பெரிய கொடையாளர் சுவீடன் அரசு. ஐக்கிய நாடுகள் சபையும் 1965இல் தொடங்கிய தன் நம்பிக்கை நிதியிலிருந்து கொடுத்தது. அவர்கள் பெயர்ப் பட்டியல் கேட்கவில்லை. கேட்டு அது ஒரு கோப்பில் ஏறினால், அந்தக் கோப்பே ஒருநாள் பொலிசாரின் கைது செய்யும் பட்டியலாகும் என்று விளங்கிக்கொண்டார்கள். அது கண்மூடித்தனமான நம்பிக்கையும் அல்ல. பிரிட்டோரியாவில் ஒரு வழக்குக்குச் சட்டத்தரணி எழுந்து நின்று வாதாடினாரா இல்லையா என்பது மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தி. வேலை பகிரங்கம், பெயர் மட்டும் இரகசியம். 1966 முதல் 1991 வரை ஏறக்குறைய 10 கோடி பவுண் இவ்வழியால் போனதாகக் கணிக்கப்படுகிறது. இத்தனை காலமும் உளவாளி எவரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

பக்கத்துக் கதவு திறந்தது. ஜெனீவாவில் இயங்கிய சர்வதேசப் பல்கலைக்கழகப் பரிமாற்ற நிதியம் என்ற வேறொரு அமைப்பு, அகதி மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வந்தது. அதற்கும் ஸ்கண்டிநேவியப் பணம்தான் கூடுதலாகப் போனது. அதன் உதவிப் பணிப்பாளராக இருந்த கிரெய்க் வில்லியம்சன் தென்னாபிரிக்கப் பொலிஸ் உளவாளி என்று 1980 ஜனவரியில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த அமைப்பு மூடப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்ற விபரமெல்லாம் அவர் கைப்படப் புரண்ட கோப்புகளில் இருந்தன. இரகசியம் என்று சொல்லி உள்ளே ஒருவர்மேல் ஒருவர் கண் வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

தென்னாபிரிக்காவுக்குள்ளேயே பகிரங்கமாக இயங்கிய திருச்சபைகளின் பேரவைக்கு வேறு விதமான சோதனை. அதன் பணத்தில் பெரும்பகுதி ஜேர்மனி, டென்மார்க், ஒல்லாந்து போன்ற நாடுகளின் சபைகளிடமிருந்து வந்தது. 1981இல் அரசு நீதிபதி ஈலொஃப் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழு பேரவையின் கணக்குப் புத்தகங்களைக் கிளறியது. அரசுக்குக் கணக்கின்மேல் இருந்த பற்றினால் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புத்தகங்களில் குறை இருந்தது. பேரவையின் முன்னைய பொதுச் செயலாளர் ஒருவர் 1983இல் மோசடிக் குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்றார். எதிரிக்கு வாளைத் தீட்டிக் கொடுத்ததுபோலாயிற்று. அப்போது பொதுச் செயலாளராக இருந்த ஆயர் டெஸ்மன்ட் டுட்டு குழுவின்முன் நின்று, நற்செய்திதான் தம்மை இப்பணிக்கு அனுப்புகிறது என்ற பொருளில் நீண்ட சாட்சியம் சொன்னார். வெளிநாட்டுச் சபைகளின் பிரதிநிதிகளும் விமானமேறி வந்து பேரவைக்காகச் சாட்சி சொன்னார்கள். கொடையாளர் கணக்குக் கேட்பதைத்தான் நாம் காண்கிறோம். கொடையாளரே கூண்டில் ஏறித் தாம் ஏன் கொடுத்தோம் என்று சொல்வது அரிது.

1990 பெப்ரவரியில் தடைகள் நீங்கின. ஒளித்து அனுப்பவேண்டிய தேவை போயிற்று. வெளிநாட்டுப் பணம் இப்போது வாக்காளர் கல்விக்குப் பாய்ந்தது. கறுப்பின மக்கள் தம் வாழ்நாளில் ஒருமுறையும் நாட்டுத் தேர்தலில் வாக்களித்ததில்லை. தாத்தா பாட்டிகூட முதல் வாக்காளர். அவர்களுக்கு மாதிரி வாக்குச்சீட்டை வைத்துப் பழக்கவேண்டும். ஒரே சீட்டு என்று பழக்கியபின், 1994 பெப்ரவரியில் தேசியத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என இரண்டாக மாற்றினார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்கதா கட்சி போட்டிக்கு வரச் சம்மதித்தது. அச்சடித்த சீட்டின் அடியில் அதற்கு ஒரு துண்டு ஒட்டவேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பின்னர், ஏப்ரல் 26 முதல் 29 வரை அளிக்கப்பட்ட ஏறக்குறைய 1 கோடி 97 இலட்சம் வாக்குகளில் செல்லுபடியற்றவை 1 இலட்சத்து 93 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 'சனநாயகப் பணிக்கு என்ன பலன்?' என்று கேட்ட கொடையாளருக்குக் காட்ட, கிணற்றுத் தண்ணீர்போலக் கிடைத்த ஒரே எண் அதுதான் என்று நினைக்கிறேன். வரவுப் பதிவேடுகள் எதுவும் அதைச் சொல்லியிருக்காது.

அதே ஆண்டில் மற்றக் கதையும் தொடங்கியது. சமாதானத்துக்கும் நீதிக்குமான அறக்கட்டளை என்ற ஒன்றைக் கேப் பகுதியில் நடத்தியவர் அலன் பூசாக் என்ற போதகர். உலகச் சீர்திருத்த சபைகளின் ஒன்றியத்துக்குத் தலைவராக இருந்தவர். ஐக்கிய சனநாயக முன்னணி 1983இல் பிறக்கக் குரல் கொடுத்தவர். அவர் பேசினால் மைதானம் நிறையும். டென்மார்க் திருச்சபையின் உதவி நிறுவனம் தான் கொடுத்த பணம் போன வழி தெரியாமல் ஒரு சட்ட நிறுவனத்தைக் கொண்டு விசாரித்தது. கேள்விக்குள்ளான பணங்களில், முதல் வாக்காளருக்கான ஒலி-ஒளிக் கல்விக்கென்று சுவீடன் கொடுத்ததும், பாடகர் போல் சைமன் சிறுவர்களுக்கென்று கொடுத்ததும் இருந்தன. 1999இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்கும் மோசடிக்கும் குற்றவாளியாகக் கண்டு ஆறு ஆண்டுச் சிறை விதித்தது. 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பின் ஒரு பகுதியை நீக்கி, தண்டனையை மூன்று ஆண்டாகக் குறைத்தது. 2005இல் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார். தாம் குற்றமற்றவர் என்றே பூசாக் சொல்லி வந்தார்.

போராட்ட காலத்தில் எவரும் பற்றுச்சீட்டு வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று அவருக்காகப் பேசியவர்கள் உண்டு. அது பாதி நியாயம். ஆனால் லண்டன் நிதியமும் அதே போராட்டத்தில்தானே இருந்தது? அங்கே பெயர்களை மறைத்தது வாங்கியவரைக் காக்க. கொடுப்பவரின் கையைக் காக்க அல்ல. ஆபத்து நீங்கியபின்னும் பழைய வழக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்தவர்கள்தாம் இடறினார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த விசாரணைகளில் எல்லாம் கணக்கு மேல்நோக்கியே போனது: கோபன்ஹேகனுக்கு, ஸ்டொக்ஹோமுக்கு, நீதிபதிக்கு. சிறுவர்களுக்கென்று வந்த பணத்தின் கணக்கை அந்தச் சிறுவரின் தாய்மாருக்கு முன் வைத்து வாசிக்க எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எமது ஊர்களில் கோயில் திருவிழாக் கணக்கைப் பூசை முடிய மக்கள் முன்னிலையில் வாசிக்கிறோம். விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெய் வரை சொல்கிறோம். நிவாரணத் திட்டத்தின் கணக்கை அதே இடத்தில், தமிழில், அறிவித்தல் பலகையில் ஒட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டுப் பாருங்கள்.

கொலின்ஸ் 1982 டிசம்பர் 31இல் காலமானார். அவருக்குப்பின் பேராயர் ட்ரெவர் ஹடில்ஸ்டன் பொறுப்பேற்றார். 1991இல் வேலை முடிந்ததென்று நிதியம் தானாகவே மூடிக்கொண்டது. அதன் பெரும் ஆவணத் தொகுதி மேற்குக் கேப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறிப் போனது. கால் நூற்றாண்டாக எங்கிருந்து பணம் வருகிறதென்று அறியாமல் வாங்கியவர்கள், அதைத் தங்கள் நாட்டிலேயே போய்ப் பார்க்கக்கூடியதாயிற்று.