துபாய்ல முதல் நாள்: டவர்ல ஆரம்பிக்காதீங்க

"வேலை விஷயமா துபாய் போறேன், சுத்திப் பாக்க ஒரே ஒரு நாள்தான், எங்க ஆரம்பிக்கிறது?" இதுதான் இந்த எபிசோட். என் பதில் ஒரே வரி: புர்ஜ் கலீஃபாவ சாயங்காலத்துக்கு வைங்க, காலையில க்ரீக்குக்குப் போங்க.

க்ரீக்னா கடல் ஊருக்குள்ள புகுந்து வர்ற உப்புத்தண்ணி. மரக்காணம் பக்கம் உப்பங்கழி பாத்திருப்பீங்களே, அந்த ஜாதி. எங்க தியாகதுருகத்துல டீக்கடையில கேட்டா, துபாய் எண்ணெயில வளந்த ஊருன்னுதான் சொல்வாங்க. பாதி உண்மை. அங்க எண்ணெய் கிடைச்சது 1966ல. அதுக்கு முன்னாடியே, 1961 வாக்குல, கடன் வாங்கி இந்தக் கழியில மண்ண அள்ளி ஆழப்படுத்திட்டாங்க, பெரிய படகு உள்ள வரட்டும்னு. அதாவது இது முதல்ல துறைமுகம், அப்புறம்தான் எண்ணெய். இன்னிக்கு அந்த ஊர் வருமானத்துல எண்ணெயோட பங்கு ரொம்பக் கம்மி. இது தெரிஞ்சா, மத்ததெல்லாம் ஏன் அங்க வந்துச்சுன்னு புரியும்.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. 1966 வரைக்கும் அங்க ஓடுனது ரூபாய். முதல்ல நம்ம ரூபாயே. 1959லேர்ந்து வளைகுடாவுக்குன்னே ரிசர்வ் வங்கி தனியா அடிச்சுக் கொடுத்த நோட்டு. 1966 ஜூன்ல நம்ம ரூபாய் மதிப்பக் குறைச்சதும் அவங்க கைவிட்டுட்டாங்க. திர்ஹாம் வந்தது 1973ல.

காலையில எட்டு மணிக்கே அல் ஃபஹீதி போயிடுங்க. மண் நிறத்துல வீடுங்க, மேல சதுரமா கோபுரம். அதுதான் காத்துக் கோபுரம், கரண்ட் இல்லாத காலத்து ஏசி. நாலு பக்கமும் திறப்பு இருக்கும். எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் அது பிடிச்சு கீழ ரூமுக்குள்ள தள்ளும், சூடான காத்து எதிர்ப் பக்கமா வெளிய போயிடும். சுவர் பவளக்கல்லும் ஜிப்சமும், நல்ல தடிமன். ஈரானோட பஸ்தக் பக்கத்துலேர்ந்து வந்த வியாபாரிங்க கட்டுன வீடுங்க இதெல்லாம்.

அங்கேர்ந்து நடந்தா படகுத்துறை. அப்ரான்னு மரப்படகு, 1 திர்ஹாம், நம்ம காசுக்கு இருபத்துச் சொச்சம். கைப்பிடியெல்லாம் கிடையாது, பலகையில உக்காந்துக்கணும். சில நிமிஷத்துல எதிர்க்கரை தேரா. கரையில சரக்குப் படகுங்க நிக்கும், டயர், ஃப்ரிட்ஜ், அட்டைப் பெட்டின்னு அடுக்கி வச்சிருப்பாங்க. மசாலா கடைத்தெரு, நகைக் கடைத்தெரு ரெண்டும் பக்கம்தான். நகைக்கு ரொம்ப நேரம் ஒதுக்காதீங்க, நம்ம தி.நகர் பாத்தவங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

மதியம் வெளிய நடக்காதீங்க, சீரியஸா சொல்றேன். ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30லேர்ந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அங்க அரசாங்க உத்தரவே இருக்கு. டூரிஸ்ட் மட்டும் இரும்பா என்ன?

அந்த நேரத்த மெட்ரோவுக்கு வச்சுக்குங்க. 2009ல ஆரம்பிச்சது, டிரைவர் கிடையாது, முன் கண்ணாடிகிட்ட நின்னா தண்டவாளம் நேரா தெரியும். ஆனா முதல்ல எந்தப் பெட்டின்னு பாருங்க, கோல்டு பெட்டியிலயோ பெண்கள் பெட்டியிலயோ தெரியாம ஏறினா அபராதம். உள்ள சாப்பிட்டாலும் அபராதம். தேரா பக்கம் கிரீன் லைன், யூனியன்ல மாறி ரெட் லைன்.

சரி, இப்ப டவர். 828 மீட்டர், அடியில சொன்னா 2,700க்கு மேல. கல்வராயன் மலையில நிறைய கிராமம் இருக்கிறது ரெண்டாயிரத்துலேர்ந்து மூவாயிரம் அடியில. வெள்ளிமலைக்கு பஸ்ல எத்தன வளைவு ஏறுறோம்? கிட்டத்தட்ட அந்த உயரத்த ஒரே கட்டடமா நிறுத்தி வச்சிருக்காங்க. ரம்ஜான் மாசத்துல 80வது மாடிக்கு மேல இருக்கிறவங்க 2 நிமிஷம், 150க்கு மேல இருக்கிறவங்க 3 நிமிஷம் தாமதமா நோன்பு திறக்கணும்னு 2011ல மார்க்க அறிஞர்கள் சொன்னாங்க. மேல நின்னா சூரியன் லேட்டாத்தான் மறையுது, அவ்வளவுதான் கணக்கு.

எங்க பெரியப்பா பையன் அங்க ஆறு வருஷமா ஏசி மெக்கானிக். ஒருதடவ கூட மேல போனதில்ல. "அந்த டிக்கெட் காச ஊருக்கு அனுப்புனா ஒரு வாரம் ஓடும்டா தம்பி"ன்னாரு. "அண்ணா, இன்னிக்கு என் செலவு, வாங்க"ன்னு 124வது மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜனங்க செல்ஃபி எடுத்துட்டு இருக்க, அவரு ஏசி குழாயப் பத்தி பேசிட்டு இருந்தாரு. குளிர்ந்த குழாயில ஈரக்காத்து பட்டா தண்ணியா சொட்டும்ல, இந்தக் கட்டடத்துல அதச் சேத்து கீழ இருக்கிற தோட்டத்துக்கு விடுறாங்க. ஆறே இல்லாத ஊரு, குடிக்கிறதே கடல் தண்ணியச் சுத்திகரிச்சுத்தான். சொட்டுத் தண்ணி கூட கணக்கு.

அதனால உங்க ஊர்க்காரங்க யாராவது அங்க வேலையில இருந்தா, அவங்க லீவு நாள் என்னன்னு கேட்டு அந்த நாள்ல போங்க. ரெண்டு டிக்கெட்டா போடுங்க. சூரியன் மறையிற நேரத்து ஸ்லாட்டுக்கு விலை அதிகம், அதுக்கு முந்தின ஸ்லாட்ட எடுத்துட்டு மேலயே நின்னுக்கலாம். விளக்கெல்லாம் எரிய ஆரம்பிச்சதும், எங்க அண்ணன் முதல்ல தேடுனது அவரு தங்கியிருக்கிற கேம்ப் எந்தப் பக்கம்னுதான்.